எஃப்.எம். உனக்கு, எஸ்.எஸ்.பி. எனக்கு

உன் ஹேண்டி இன்றைக்கு என் கடைக்கு வந்தது. உன் வீட்டுக்காரர் மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்து, கவுண்டரில் ஒரு லாரி பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தார். பையைப் பிரித்ததும் யூகலிப்டஸ் தைல வாசனை குப்பென்று அடித்தது. கடைசி வருடம் முழுக்கத் தொண்டையில் தைலம் தடவிய கையாலேயே இந்த வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது போல. பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்து நான் கட்டிவிட்ட வார், சாயம் போய், இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதும்மா. சாயங்காலத்துக்குள்ள வேற மாத்திக் குடுத்துரு" என்றார் அண்ணன்.

நான் அழவில்லை. பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். நாற்பது ஊரோடு பேசிவிட்ட என் பெரிய ரேடியோ செட் மாடியில் இருக்க, உள்ளங்கை அளவு இருக்கிற இந்தச் சாமானை வைத்துக்கொண்டு என்னை எத்தனை வருடம் மட்டம் தட்டினாய் நீ! போனவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துக்கத்துக்கு வந்த நம் ரேடியோ கிளப் ஆட்கள்கூட, "இனிமே யாருகூட சண்ட போடுவீங்க" என்று என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்கள். உன்னோடுதான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். நீ கண்ணை மூடிவிட்டதால் எஃப்.எம். உயர்ந்ததாகிவிடுமா? ஆகாது. எழுதியே தருகிறேன், பிடி.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எலெக்ட்ரானிக்ஸ் படித்தோம். படிப்பு முடிந்து நீ கன்னிவாடிக்குத் தென்னந்தோப்புக்கு வாழ்க்கைப்பட்டாய். நான் திண்டுக்கல்லில் ஒரு பேட்டரிக் கடைக்கு. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ளலாம், அந்த ஹாம் ரேடியோ உரிமத்துக்குப் பரீட்சை இருக்கிறது என்று நீதான் போன் பண்ணினாய். ஹாலில் இருந்த பெண்கள் நாம் இரண்டு பேர் மட்டும். கண்காணிப்பாளர் நம்மைப் பிள்ளைகளோடு துணைக்கு வந்தவர்கள் என்று நினைத்து வெளியே பெஞ்சைக் காட்டினார். நீ அவரிடம் ஹால் டிக்கெட்டை நீட்டி, "நீங்க வேணா உக்காருங்க சார்" என்றாய். அந்தச் சிரிப்போடுதான் பரீட்சை எழுதினேன்.

உரிமம் வந்த அன்றைக்கே நம் சண்டையும் வந்தது. குரலை அலையில் ஏற்றி அனுப்ப வழிகள் பல உண்டு. நீ நேரோ எஃப்.எம்.மைப் பிடித்துக்கொண்டாய், நான் எஸ்.எஸ்.பி.யை. எஃப்.எம்.மில் அலையின் வலு அப்படியே நிற்கும். பேச்சுக்கு ஏற்றபடி அதன் அதிர்வெண் மட்டும் கொஞ்சம் கூடிக் குறையும். மோட்டார் ஸ்டார்ட்டர், டியூப் லைட், இடி மின்னல் என்று குறுக்கே வருகிற இரைச்சலெல்லாம் அலையின் வலுவைத்தான் பிய்த்துப் போடும், எஃப்.எம். செட் வலுவைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால் பேச்சு சுத்தமாக விழும். எஸ்.எஸ்.பி. வேறு ஜாதி. குரலைச் சுமந்து போகிற அலையையே அது வெட்டி எறிந்துவிடும். இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே பேச்சு இருப்பதால் அதிலும் ஒன்றை வெட்டிவிடும். மிச்சமிருக்கும் ஒரு பக்கத்தில் சக்தி மொத்தத்தையும் கொட்டி அனுப்பும். கேட்கிறவர் தன் செட்டில் அந்த வெட்டிய அலையைத் தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் குமிழைத் துளித் துளியாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் பேசுகிறவர் வாத்து மாதிரி கத்துவார்.

உனக்கு அந்த வாத்துதான் ஆகாது. "ஏண்டி, அம்புட்டு எரைச்சல்ல ஒரு வார்த்தையப் பொறுக்கி எடுக்குறதுக்குப் பேரு பேச்சா? பேசுனா பக்கத்துல உக்காந்து பேசுன மாதிரி இருக்கணும்" என்பாய். கேட்கிறவளும் கொஞ்சம் மெனக்கெடட்டுமே என்பேன் நான். அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமைகூட இல்லாதவளோடு நான் ஏன் பேச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது என்று இறங்கினோம். கிளப்பிலிருந்து எஃப்.எம்., எஸ்.எஸ்.பி. இரண்டிலும் வேலை செய்கிற செட் ஒன்றை இரவல் வாங்கி உன் காரில் மாட்டினோம். அண்ணன் வண்டி ஓட்ட, நீ மலையடிவாரம் நோக்கிப் போனாய். நான் என் மாடியில். ஒரே அலைவரிசை, ஒரே வாட். ஸ்விட்சை மட்டும் மாற்றி மாற்றிப் பேச வேண்டும் என்று ஒப்பந்தம். ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் இரண்டுமே எடுக்கவில்லை. உன் எஃப்.எம். இருமியது, என் எஸ்.எஸ்.பி. முனகியது. ஒரு வாரம் போனில் ஒருத்தியை ஒருத்தி கிழித்தோம். உன் முறை சரியில்லை என்று நான், என் முறை சரியில்லை என்று நீ.

அடுத்த ஞாயிறு முறுக்கு டப்பாவோடு என் மாடிக்கு ஏறி வந்தாய். மாடியில் கிடந்ததைப் பார்த்ததும் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அடியே, ஒன் ஏரியல் படுத்துத் தூங்குது, எங்கார்ல ஏரியல் நிக்குது. ரெண்டும் எப்படிடி மொகம் பாத்துக்கும்?"

படுத்த ஏரியல் அனுப்புவதை நின்ற ஏரியல் சரியாக வாங்காது என்பது பரீட்சையிலேயே வந்த கேள்வி. இரண்டு பேருமே அதற்குச் சரியான பதில் எழுதியிருந்தோம். சண்டை போடுகிற வேகத்தில் இரண்டு பேருமே அதை மறந்திருந்தோம். அன்றைக்கு முறுக்கு தின்று முடிக்கிற வரை சிரித்தோம்.

என் ஏரியலைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடியும் போனாய். இந்த முறை உன் எஃப்.எம். கண்ணாடி மாதிரி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வழியில் ஏதோ ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு கார் மலைச்சரிவுக்குப் பின்னால் திரும்பியது. நீ ஏதோ தேங்காய் வெட்டு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். பாதி வார்த்தையில் பொட்டென்று போய்விட்டாய். அதுதான் உன் எஃப்.எம். ஒன்று முழுதாக இருக்கும், அல்லது அடியோடு இருக்காது. ஸ்விட்சை எஸ்.எஸ்.பி.க்கு மாற்றினேன். நம் ஒப்பந்தப்படி நீயும் மாற்றியிருப்பாய் என்று நம்பிக் குமிழைத் திருப்பினேன். இரைச்சலுக்கு அடியில், மெலிந்துபோய், வாத்துக் குரலில், "கேக்குதாடி... கேக்குதாடி..." என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். மலைக்குப் பின்னாலிருந்து உன்னை எனக்குத் தந்தது என் எஸ்.எஸ்.பி.தான். இன்றைக்கும் அதை நான் விடுவதாக இல்லை.

நீயும் விட்டாயா? அடுத்த வாரம் உன் தோப்பிலேயே உயரமான மரத்தில் ஆள் ஏற்றி, உச்சியில் மூங்கில் கட்டி, அதன் மேல் ஏரியலை நட்டாய். "மல மறைக்குதுன்னா நான் ஏறிக்கிறேன். அதுக்காக வாத்தா மாறச் சொல்லுறியா" என்றாய். அன்றிலிருந்து உன் வீட்டிலிருந்து என் மாடிக்கு எஃப்.எம். எடுத்தது. ஹேண்டியை அந்த வயரில் சொருகிவிட்டு சமையல்கட்டில் வெஞ்சனத்துக்குக் காய் அரிந்துகொண்டே பேசுவாய். எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆனாலும் தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முதலில் அந்த அலைவரிசைக்குத்தான் போவேன்.

எனக்கு எஃப்.எம்.மில் பிடிக்காதது இன்னொன்றும் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்தவர் குரல் மட்டும் விழும். இளைத்தவர் பேசினார் என்ற தடயமே இருக்காது. எஸ்.எஸ்.பி.யில் இரண்டும் குழம்பியாவது கேட்கும், இன்னொரு ஆள் இருக்கிறார் என்றாவது தெரியும். நம் கிளப் தலைவர் பெரிய செட்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் பேசுவதற்கு அமுக்குகிற பட்டனை விடத் தெரியாதவர். அவர் பேசும்போதெல்லாம் உன் சின்ன ஹேண்டி அவருக்கு அடியில் காணாமல் போகும். பார்த்தாயா உன் எஃப்.எம்.மின் நியாயத்தை என்று நான் குதிப்பேன். அவர் மூச்சு வாங்கும்போது பேசிக்கொள்கிறேன் என்று நீ சாவகாசமாகச் சொல்வாய்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிரை மீட்டுக் கொடுத்தார்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. நீ என் கையைக் கிள்ளினாய், அது மட்டும் நினைவிருக்கிறது. வலித்தது.

நீ வீடு திரும்பிய அன்று சாயங்காலம், பழக்கதோஷத்தில் அந்த அலைவரிசையில் செட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் அனுப்பாதபோது எஃப்.எம். செட் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். திடீரென்று திறந்தது. இரைச்சல் இல்லை, பேச்சும் இல்லை. மீட்டர் முள் மட்டும் மேலே ஏறி அப்படியே நின்றது. கழுவிவிட்ட மாதிரி ஓர் அமைதி, அதற்குள் மின்விசிறி சுற்றுகிற சத்தம், தூரத்தில் மாதா கோவில் மணி. நீ பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எஸ்.எஸ்.பி.யில் சுமக்கிற அலையே கிடையாது. பேசினால்தான் ஏதாவது வெளியே போகும். பேசாதவர் அங்கே இல்லாதவர். எஃப்.எம்.மில் வாயைத் திறக்காவிட்டாலும், அமுக்கிப் பிடித்திருக்கும் வரை அலை போய்க்கொண்டே இருக்கும். இருக்கிறேன் என்று சொல்ல உனக்குக் குரல் தேவைப்படவில்லை. அடிப்பாவி, பேச முடியாமல் போன பிறகும் வாதத்தில் ஒரு புள்ளி எடுத்துவிட்டாயே என்று பல்லைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நீ பட்டனை விட்டதும் உரிமத்தோடு நமக்குப் பெயராக வந்த உன் அழைப்புக்குறியையும் என் அழைப்புக்குறியையும் நான் சொல்லி, அன்றைய கதை முழுவதையும் பேசினேன். முடித்ததும் மறுபடி திறந்தது. மறுபடி மின்விசிறி.

வாட்ஸப்பில் எழுதலாமே என்று என் மகள் கேட்டாள். நீ எழுதவும் செய்தாய், மருந்து, டாக்டர், தேங்காய் விலை என்று. அதற்கெல்லாம் நான் பதில் எழுத வேண்டியிருக்கும். இதற்கு ஒன்றும் எழுத வேண்டாம், கூட உட்கார்ந்திருந்தால் போதும். மோர்ஸ் தட்டலாமே என்று கிளப்பில் ஒருவர் கேட்டார். மோர்ஸ் இல்லாத பரீட்சையாகப் பார்த்து எழுதித் தேறியவர்கள் நாம். அப்போது உன் யோசனை அது.

தினமும் சாயங்காலம் இது நடந்தது. தலைவர் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். யாரோ விஷமி பட்டனை அமுக்கிப் பிடித்து அலைவரிசையை அடைக்கிறான், கண்டுபிடித்துப் புகார் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடி, செட்டில், ஊரே கேட்கும்படி சொன்னேன்.

"அது விஷமி இல்ல சார். அது அவ. அவளுக்கு வாயில்ல, பட்டன் இருக்கு. சாயங்காலம் செத்த நேரம் எல்லாரும் கம்முனு இருங்க. இருக்க மாட்டீங்கன்னா ஏங்கிட்ட நேர்ல வந்து சொல்லுங்க."

யாரும் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் அலைவரிசை காலியாகக் கிடந்தது. பட்டனை விடத் தெரியாத தலைவரும் விட்டார். வலுத்தவர்கள் வாயை மூடினால்தான் உன் சின்ன அலை பிழைக்கும் என்று நான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது வீண்போகவில்லை. அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

நீ போன பிறகு சண்டை உன்னைப் பற்றியே வந்தது. ஹாம்களில் ஒருவர் இறந்தால் சைலன்ட் கீ என்பார்கள், ஓய்ந்த பட்டன். அவருக்குக் கடைசி அழைப்பு என்று ஒன்று வைப்பார்கள். எல்லா நிலையங்களும் கூடியிருக்க, ஒருவர் அந்த அழைப்புக்குறியைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராது. பிறகு இந்த நிலையம் ஓய்ந்தது என்று அறிவிக்க வேண்டும். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம் அதை வைப்பது என்றும், கூப்பிட வேண்டியது நான்தான் என்றும் கிளப்பில் முடிவு செய்தார்கள். எஸ்.எஸ்.பி.யில் வைத்தால் வெளிமாநில ஆட்களும் கேட்பார்கள், உங்களுக்கும் பிடித்த முறை என்று தலைவர் ஆசையாகச் சொன்னார்.

எஃப்.எம்.மில் வைத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் திகைத்துப்போனார். நீங்களா இதைச் சொல்வது என்று கேட்டார். மாவட்டத்துக்கு வெளியே ஒருவருக்கும் கேட்காதே என்றார்.

"கன்னிவாடில ஒரு மனுசன் கையில ஹேண்டி இருக்கு சார். அவருக்குக் குமிழத் திருப்பத் தெரியாது. போட்டாக் கேக்கணும். அவருக்குக் கேட்டாப் போதும்."

சரிம்மா என்றார் அவர்.

அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். உன் அழைப்புக்குறியை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், அன்றைக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். முதல் முறை கூப்பிட்டுக் காத்திருந்தேன். செட் வாய் மூடிக் கிடந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. எஸ்.எஸ்.பி.யாக இருந்தால் இரைச்சலாவது ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் எங்கேயோ நீ இருக்கிறாயோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருப்பேன். உன் எஃப்.எம். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் முறையும் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை.

இனி நான் அறிவிக்க வேண்டும். ஓய்ந்தது என்று ஒரே ஒரு வார்த்தை. ஊரெல்லாம் காத்திருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாய் வந்தது. நான்தான் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்தேன். என் அழைப்புக்குறியை மட்டும் சொல்லிவிட்டு, பட்டனை அமுக்கினேன். விடவில்லை. பேசவும் இல்லை. நீ எனக்குச் செய்த மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லில், சின்னாளப்பட்டியில், காந்திகிராமத்தில், எங்கெல்லாம் செட் போட்டிருந்தார்களோ அங்கெல்லாம் முள் ஏறி நின்றிருக்கும். என் மாடியில் காகம் கத்தியது, கீழே பஸ் ஹாரன் அடித்தது, அதெல்லாம் போயிருக்கும். எஃப்.எம்.மில் சும்மா அமுக்கினாலும் செட் முழு பலத்தோடு அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதால் கொதிக்க ஆரம்பித்தது. கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல்காரி நெற்றி போல இருந்தது. இதற்கு மேல் பிடித்தால் உள்ளே ஏதாவது கருகிவிடும் என்று தெரிந்தபோதுதான் விட்டேன்.

 சற்று நேரம் கழித்து இன்னொரு நிலையம் தன் குறியைச் சொல்லிவிட்டு அமுக்கியது, பேசவில்லை. அது முடிந்து இன்னொன்று. கடைசியில் தலைவர். அந்த மனிதர் முதல்முறையாகப் பட்டனை அமுக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். உன்னை ஓய்ந்துவிட்டாய் என்று அன்றைக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. கிளப் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று இன்னும் தகராறு நடக்கிறது. நடக்கட்டும்.

இன்றைக்கு ஹேண்டிக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். பழைய பேட்டரி உப்பிப்போயிருந்தது. இப்படி ஆகிற அளவுக்கு அண்ணன் இதை என்ன செய்கிறார், அவருக்குத்தான் உரிமம் இல்லையே, அனுப்பவும் முடியாதே என்று கேட்டேன். அவர் சுங்குடி வாரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"அனுப்ப எனக்கு என்னம்மா இருக்கு. தெனமும் சாயங்காலம் நீ ஒன் குறியச் சொல்லிட்டு சும்மா அமுக்குவியே, அதக் கேக்கத்தான் போட்டு வைக்கிறேன். அவ ரூம்லதான் வைக்கிறேன்."

அவர் கேட்பார் என்று நினைத்து நான் அமுக்கவில்லை. யாருக்காக என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்கிறார்.

எனவே இந்த ஒரு புள்ளி உனக்கு, எடுத்துக்கொள். இந்த ஒன்றே ஒன்றுதான். மலைக்குப் பின்னால் உன் எஃப்.எம். செத்தது, என் எஸ்.எஸ்.பி. உன்னைக் கண்டுபிடித்தது, அதை நான் எல்லோரிடமும் எப்போதும் சொல்லத்தான் போகிறேன். வலுத்தவனுக்கு வால் பிடிக்கிற உன் முறையை நான் திட்டத்தான் போகிறேன். உன்னால் முடிந்தால் பதில் சொல்.

கடையைச் சாத்தியாகிவிட்டது. அண்ணன் பஸ் இந்நேரம் கன்னிவாடி போய்ச் சேர்ந்திருக்கும். நான் மாடிக்குப் போகிறேன், பட்டனை அமுக்க.